கோடைத் தோட்டமும் அதன் விருந்தாளிகளும்

கோடையைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் மக்கள் வாயினின்று வருவன பெரும்பாலும் முறையீடுகளே. கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, பாவில் இழை நிற்கவில்லை, காற்றுக்கு வாழை சாய்ந்துவிட்டது, குழந்தைகளுக்கு வேனற்கட்டி கண்டிருக்கிறது என்று அப்பட்டியல் நீளும். அவை யாவும் மெய்யே, மறுப்பதற்கில்லை. ஆயினும் சித்திரையும் வைகாசியும் ஆண்டுதோறும் நம் வாயிலுக்கே கொண்டுவந்து கொட்டும் ஒரு செல்வம் உண்டு. அதற்கு விலையில்லை, ஆதலால் நம் கணக்கேடுகளில் அதற்குப் பத்தியும் இல்லை. யாரும் கூண்டிலிட்டு வளர்க்காத, யாரும் தீனி வைத்து அழைக்காத பறவைகள் கோடைக்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வந்து தங்கி, கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போகும் காட்சியையே குறிப்பிடுகிறோம். கடன் தவணையும் நூல் விலையும் உர இருப்பும் பேசப்படும் இப்பக்கங்களில் இதற்கென ஓரிடம் கேட்பது அன்பர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கேட்பதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தோட்டம் என்று நாம் சொல்லும்போது புல்தரையும் நீரூற்றும் அமைந்த மாளிகைத் தோட்டத்தை எண்ணிக்கொள்ள வேண்டா. ஒரு கிணற்றடி, அதன் நீர் பாயும் இரண்டு வாழை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் நான்கு செம்பருத்தி, நிழலுக்கு ஒரு வேம்பு. இத்துணை போதும். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு இப்படி ஒன்று புறக்கடையிலோ களத்துமேட்டிலோ வாய்த்திருக்கும். நெசவாளரில் பெரும்பாலோர்க்கு இதுவும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், முன்னறையில் தறியும் பின்னறையில் அடுப்புமாக அவர்கள் வாழ்க்கை நடக்கிறது. அவர்களுக்குத் தோட்டம் என்பது சங்கக் கட்டிடத்தின் பின்புறமோ, கோயில் நந்தவனமோ, விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் பாவடியின் மரநிழலோதான். இவ்வேறுபாட்டை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

கோடையில் வரும் பறவைகள் அயல்நாட்டிலிருந்து வருவன என்றோர் எண்ணம் படித்தவரிடையேயும் நிலவுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. வடக்கிலிருந்து வருவன ஐப்பசி, கார்த்திகையில் வந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன. காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற வண்ணப்பறவை, குளிர்காலத்தை நம் தோப்புகளில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிப்பதற்கு நடு இந்தியக் காடுகளுக்கும் இமயத்தின் அடிவாரத்துக்கும் சென்றுவிடும். சோளக்காட்டில் கூட்டமாய் இறங்கும் சூறைக்குருவிகளும் அப்படியே வடமேற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். கத்திரி வெயிலில் நம்மோடு உடனிருந்து வேகும் பறவைகள் நம் ஊர்ப் பறவைகளே. காடும் கரையும் காய்ந்து, ஏரியும் வெடித்துக் கிடக்கும் அந்நாளில், நீர் கசிவதும் பூ மலர்வதும் பழம் கனிவதும் வீட்டை ஒட்டிய தோட்டத்தில்தான். அதனாலேயே அவை நம்மை நாடி வருகின்றன. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று துடிக்க விட்டே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்கு நீர் செலவாகிறது. நண்பகலில் அலகு பிளந்து கிளையில் அமர்ந்திருக்கும் மைனாவைக் கண்டோர், அது பாடுகிறது என்று எண்ணிவிடலாகாது.

இவ்விருந்தாளிகளுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது தேன்சிட்டு. நம் நடுவிரல் நீளமே உள்ள பறவை. ஆணின் உச்சியில் பச்சை மினுக்கு, முதுகில் செம்மை, வயிற்றில் மஞ்சள். பெண்ணுக்கு இந்த ஆடம்பரம் இல்லை. செம்பருத்திப் பூவினுள் வளைந்த அலகை நுழைத்துத் தேன் குடிக்கும் இதன் பெரிய அதிசயம் கூடுதான். சிலந்திப் படலத்தைக் கொண்டு நாரையும் சருகையும் மரப்பட்டைத் துணுக்கையும் பிணைத்து, சிறு பைபோலத் தொங்கவிடுகிறது. வாயிலுக்கு மேலே வெயில் மறைக்க ஒரு தாழ்வாரமும் அமைக்கிறது. இதனை மரத்தின் உச்சியில் கட்டுவதில்லை. துணி உலர்த்தும் கொடியிலும், தாழ்வாரத்துக் கம்பியிலும், மனிதர் தலை இடிக்கும் உயரத்திலும் கட்டுகிறது. நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் இருப்பு நூல் சரிபார்க்கச் சென்றிருந்தபோது, தார் சுற்றும் மூதாட்டியார் ஒருவர் நம்மை வழிமறித்து, "அந்தப் பக்கம் போகாதீங்க சார், கொடியில குருவி முட்டை வச்சிருக்குதுங்க" என்றார். நாம் சுற்றிக்கொண்டே சென்றோம். அன்று துவைத்த துணியெல்லாம் சுவரின்மேல் உலர்ந்துகொண்டிருந்தன. கொடி முழுவதும் இரண்டு முட்டைக்காக விடப்பட்டிருந்தது. அரசாங்க உத்தரவின்றி, தீர்மானமின்றி நடந்த காரியம் அது.

நெசவாளர் நட்புக்கு இதைவிட உரிமை கொண்டாடத்தக்கது தையல்சிட்டு. ஆலிவ் பச்சை முதுகும் செம்பழுப்பு உச்சியும் தூக்கிய வாலுமாகச் செடிக்குச் செடி தாவும் இச்சிறு பறவை, உடலுக்குப் பொருந்தாத பெருங்குரல் உடையது. அகன்ற இலை ஒன்றை வளைத்து, அல்லது இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து, ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சு இழையும் சிலந்தி நூலும் கொண்டு தைத்துவிடுகிறது. முடிச்சுப் போடத் தெரியாது என்பது மெய்யே. ஆனால் துளைக்கு வெளியே இழை பிரிந்து பருத்து நிற்பதால் அது உருவிக்கொண்டு வருவதில்லை. இலையோ செடியிலேயே இருப்பதால் பச்சை மாறாது; தேடுவோர் கண்ணுக்குக் கூடு புலப்படாது. சங்கத்தின் பின்புறத்தில் சிட்டம் பிரிக்கும் இடத்தருகே இப்பறவை கூடு கட்டினால் அதில் நம் நூலே இருக்கும். அறுபதாம் நம்பரா நூறாம் நம்பரா என்று அது பார்ப்பதில்லை.

வெயில் ஏறி மற்றக் குரல்கள் அடங்கிய பின்னரும் ஒன்று மட்டும் ஓயாது. செப்புக்குடம் தட்டுவதுபோல் ஒரே சீராக 'டுக், டுக், டுக்' என்று ஆலிலிருந்தோ அரசிலிருந்தோ கேட்கும். குக்குறுவான் என்பது அதன் பெயர். பச்சை உடலும் நெற்றியிலும் மார்பிலும் செந்நிறமும் கொண்ட அப்பறவை அத்திப்பழ இனங்களை உண்டு வாழ்வது. பட்டுப்போன கிளையின் அடிப்புறத்தில் துளையிட்டுக் கூடமைப்பது. பட்ட கிளையை விறகுக்கு வெட்டிவிடும் தோட்டத்தில் அதற்கு வீடில்லை. தறியில் அமர்ந்திருப்பவர் கால் மிதியின் தாளத்துக்கும் அதன் தட்டுக்கும் சிலபோது ஒத்துப்போவதைக் கேட்டிருப்பார். கேட்காதவர்கள் இவ்வாண்டு கேட்கலாம்.

குயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை என்பர். சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. சித்திரையில் அது கூவுவது மாந்தளிர் தின்ற மகிழ்ச்சியினால் அன்று. காக்கை கூடு கட்டும் பருவம் அதுவே. காக்கைக் கூட்டை நம்பியே குயிலின் குடும்பம் நடக்கிறது. இடைவிடாது கூவுவது கரிய ஆண். புள்ளியிட்ட பெண், காக்கை அயர்ந்த நேரத்தில் முட்டையிட்டுச் செல்கிறது. குயிற்குஞ்சு காக்கைக் குஞ்சுகளை எப்போதும் கூட்டிலிருந்து தள்ளிவிடுகிறது என்று சொல்லப்படும் கதை நம் குயிலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது; இரண்டும் ஒரே கூட்டில் வளர்வதும் உண்டு. பின்னர் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதே மரத்தில் ஒன்றாக விருந்துண்ணும். அவை விழுங்கி எறியும் கொட்டைகளிலிருந்தே வேலியோர வேம்புகள் பல முளைக்கின்றன.

கூட்டுறவுப் பத்திரிகையில் தவிட்டுக்குருவியை விட்டுவிடுதல் நியாயமாகாது. மங்கிய சாம்பல் நிறம், அழுக்குத் துணி போர்த்தாற் போன்ற தோற்றம். அழகென்று எவரும் சொல்லார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இப்பறவை, ஏழெட்டாகச் சேர்ந்து கீச்சிட்டுக்கொண்டே சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். எல்லாம் ஒருசேரக் குனிந்து மேய்வதில்லை; ஒன்று உயரமான கொம்பில் அமர்ந்து வல்லூறு வருகிறதா என்று காவல் பார்க்கும். ஒரு கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குத் தாய் தந்தை மட்டுமன்றிக் கூட்டத்திலுள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். இதனைப் பறவை நூலார் கூட்டுறவு இனப்பெருக்கம் என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். நாம் கல்லூரியில் பொருளியல் பயின்றவரேயன்றிப் பறவையியல் பயின்றவர் அல்லர். இச்சொல்லை முதன்முறை படித்தபோது நமக்குண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமன்று. அவற்றுக்குத் துணைவிதிகள் இல்லை. நிலுவைக் கடனும் இல்லை. ஏமாறுவதும் உண்டு. சுடலைக்குயில் தன் முட்டையை இவற்றின் கூட்டில் இட்டுவிட்டால், முழுக் கூட்டமும் சேர்ந்து அயலார் குஞ்சை வளர்த்துக் கொடுக்கும். கூட்டுறவில் அப்படியும் நேர்வதுண்டு என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து புல் தளிர்த்ததும் கிணற்றோரப் பனையிலும் ஈச்சமரத்திலும் கருவேலத்திலும் தூக்கணாங்குருவிகள் கூடத் தொடங்கும். நெசவை நம் குலத்தொழில் என்போர் இதனைச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். ஆண்பறவைக்குத் தலையில் பொன்மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். புல்லின் தாளையும் பனையோலையையும் அலகால் கடித்து, நீளநீளமான நாராகக் கிழித்துப் பறந்து வரும். முதலில் கொம்பில் முடிச்சு; அடுத்து வளையம்; அதன்மேல் ஊடும் பாவுமாகக் கவிழ்ந்த குடுவை. ஒரு கூடு முடிய ஏறத்தாழ 500 தடவை போய்வருகிறது என்பர். குடுவை பாதி முடிந்த நிலையில் நிறுத்திவிட்டு, ஆண்பறவை சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து கூட்டினுள் புகுந்து, அலகால் இழுத்துப் பார்த்து, ஏற்கும் அல்லது போய்விடும். ஏற்றால்தான் நீண்ட குழாய் வாயில் கட்டப்படும். ஏற்காத கூடு அரைகுறையாகவே காற்றில் ஆடும். சங்கத்தில் துணிக்கு முத்திரை இடுவோரைவிடக் கண்டிப்பான பரிசோதகர் இப்பெண்பறவை. நம் உத்தியோகத்தாரும் அதனிடம் பயிற்சி பெறலாம். அரைகுறைக் கூடுகள் ஆண்பறவை ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்டவை என்றே அறிஞர்களும் நெடுநாள் எண்ணியிருந்தனர். பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1930இல் நாள்தோறும் அமர்ந்து பார்த்துக் குறித்த சாலிம் அலி அவர்களே, பெண்ணின் தேர்வும், ஓராண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகள் கட்டிப் பல துணைகள் கொள்ளும் வழக்கமும் இதற்குக் காரணம் என்று காட்டினார். அவரிடம் அப்போது நிலையான உத்தியோகம் இல்லை. தோட்டத்தில் சும்மா அமர்ந்திருப்பது வீண் என்று சொல்வோர்க்கு இது செய்தி.

வீண் என்று சொல்வோர் இருக்கவே செய்கின்றனர். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். குருவி பார்ப்பது ஓய்வூதியக்காரர் வேலை என்பது அவர் வாதம். நாம் இதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. குழித்தறியில் எட்டு மணி, பத்து மணி நேரம் அமர்ந்து ஒரு முழத் தொலைவில் இழையையே நோக்கியிருக்கும் கண்ணுக்கு, எட்டத்துப் பச்சையைப் பார்ப்பது மருந்து. அது கிடக்க, மருந்து என்பதற்காக மட்டும் நாம் பேசவில்லை. பயன் எதுவும் இல்லாத மகிழ்ச்சிக்கும் உழைப்பாளிக்கு உரிமை உண்டு என்பதே நம் வாதம். மாடி வீட்டார் கோடையில் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் சென்று பறவையும் மலரும் கண்டு மீள்வதை எவரும் வீண் என்று சொல்வதில்லை. கூலிக்கு நெய்பவர் பத்து நிமிடம் வேப்ப நிழலில் அமர்ந்து தேன்சிட்டைப் பார்த்தால் மட்டும் அது சோம்பலாகிவிடுகிறது. சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையறிஞர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும்வரை பத்திரிகைப் பத்தி ஒன்றை இடைவிடாது எழுதி வந்தார். யானையையும் புலியையும் போலவே காக்கையையும் அணிலையும் மதித்து எழுதியவர் அவர். பார்க்கத் தகுந்தவை வீட்டு வாயிலில் நிறைய இருக்கின்றன.

இனி, இதனை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருவோம். மேலே சொன்ன மூதாட்டியார் பணியாற்றும் சங்கத்தின் பின்புறம் ஏறத்தாழ 12 சென்ட் நிலம் உண்டு. அதில் ஒரு கிணறு, ஒரு பெரிய வேம்பு, இரண்டு புங்கமரம், ஒரு வரிசைச் செம்பருத்தி. இவற்றை அகற்றி, நிலம் முழுவதும் சிமெண்டுத் தளமிட்டு, வாகனம் நிறுத்தவும் துணிப் பொதி ஏற்றவும் வசதி செய்யலாம் என்று நிர்வாகக் குழுவினர் கருதுகின்றனர். வரும் ஆனி மாதப் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வைக்கப்படும் என்று அறிகிறோம். சங்கத்தின் பெயரைக் கூற வேண்டுவதில்லை; இதே எண்ணம் வேறு பல சங்கங்களிலும் உண்டு. ஆய்வாளர் என்ற முறையில் இதில் குறுக்கிட நமக்கு அதிகாரம் இல்லை. மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் ஒழுங்காக இருப்பின் கையொப்பமிடுவதே நம் கடமை. அதனாலேயே, கோப்பில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறோம்.

பொதி ஏற்ற இடம் தேவை என்பதை மறுக்கவில்லை. மழைக்காலத்தில் சேற்றில் வண்டி சிக்கியதை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு 12 சென்டும் வேண்டுமா? முன்வாயிலிலிருந்து கிடங்குவரை ஒரு வண்டித்தடத்துக்கு 3 சென்டுக்கு மேல் ஆகாது. எஞ்சியதைச் சிமெண்டால் மூடுவது சுத்தமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையே தவிர வேறன்று. இதில் நெசவுக்கே ஒரு கேடும் உண்டு. பருத்தி இழைக்கு ஈரப்பதம் இருந்தால்தான் வலு. காற்று உலர்ந்தால் இழை முறியும். குழித்தறிக்காரர் கோடையில் குழியைச் சுற்றி நீர் தெளிப்பது இதற்காகவே. தறிக்கூடத்தின் தெற்கும் மேற்கும் நிழல் தரும் மரத்தை வெட்டி, பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் அனல் கக்கும் தளத்தை அங்கே பரப்பினால், வைகாசியில் இழை எத்தனை முறை அறும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அவ்வாறு அறும் இழைக்குத் தீர்மானத்தில் செலவுத் தலைப்பு இல்லை.

சட்டமும் ஒன்றுண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்னும் சொல்லுக்குக் காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதும் உட்படும் என்று பொருள் வரையப்பட்டிருக்கிறது. வேம்பை வெட்டத் தேர்ந்த காலமோ அதில் கூடு நிறைந்திருக்கும் காலம். நாம் யாரையும் வழக்குக் காட்டி அச்சுறுத்த விரும்பவில்லை. நாள் தேர்ந்தெடுப்போர் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பதே.

பயிரிடும் அங்கத்தினர்கள் இத்துணை பொறுமையாகக் கேட்டபின், "எங்கள் சோளத்தையும் தக்காளியையும் தின்பவற்றுக்கு நீர் பரிந்து பேசுகிறீரோ?" என்று வினவக்கூடும். நியாயமான வினா. மேற்கு மாவட்டங்களில் மயிலால் ஏற்படும் சேதம் கற்பனையன்று. நாற்றைக் கிளறுவதும் மிளகாயைக் கொத்துவதும் நாம் கண்டதே. 1963 முதல் தேசியப் பறவை என்பதால் அதன்மேல் கைவைக்க முடியாது. நட்டம் மட்டும் உழவர் தலையில். இதற்கு ஈடு கேட்பது உரிமை. அக்கோரிக்கையைச் சங்கங்கள் ஒன்றுகூடி எழுப்ப வேண்டும். ஆனால் மயிலின் மேலுள்ள சினத்தை எல்லாச் சிறகுகளின் மேலும் காட்டுவது பொருந்தாது. நஞ்சு கலந்த தானியம் மயிலை மட்டும் தேடிச் செல்வதில்லை. மண்ணில் தூவும் குறுணை மருந்தைக் கல்மணி என்று எண்ணிக் கொத்தும் சிறுபறவைகளும் மடிகின்றன. சீன நாட்டில் 1958இல் தானியம் தின்கிறது என்று சிட்டுக்குருவியைப் பகைவனாக அறிவித்து, நாடு முழுவதும் தட்டு முழக்கி, களைத்து விழும்வரை விரட்டிக் கொன்றனர். பூச்சிகள் பெருகிய பின்னர் 1960இல் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். தானியம் தின்னும் குருவியே தன் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும் ஊட்டுகிறது என்பது அவர்களுக்குக் காலம் கடந்து விளங்கிற்று.

நம் உழவர் இதனை முன்னரே அறிந்தவர். செங்கற்பட்டுப் பகுதி வேடந்தாங்கலில், ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று கண்ட ஊரார், பறவைகளைச் சுட்ட சிப்பாய்களுக்கு எதிராக முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் துரையிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஏக்கருக்குச் சில கழிகளில் குறுக்குக் கட்டை கட்டி வயலில் நட்டு வைத்தால், கரிச்சானும் பனங்காடையும் அதிலமர்ந்து புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். வேளாண்மைத் துறையினரும் இதனைப் பரிந்துரைக்கின்றனர். பழத்தைக் காக்க மரத்தின்மேல் நைலான் வலை போர்த்துவோர், அதில் சிக்கிச் செத்த குருவியையும் சாரைப்பாம்பையும் பிரித்தெடுத்த அனுபவம் பெற்றிருப்பர். வலைக்குப் பதிலாகக் கொய்யாவையும் மாதுளையையும் கைக்கு எட்டும் காய்களையும் பையிட்டுக் கட்டலாம். நெசவுச் சங்கத்தில் கழிக்கப்பட்ட சேதத் துணியில் அப்பைகளைத் தைத்து உழவர் சங்கத்துக்கு விற்கலாம். இரு சாராரும் ஒரே பத்திரிகையைப் படிப்பதால் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லரே!

நெசவாளர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதனைச் சிறிது அழுத்தியே சொல்வோம். கழிவு நூலை முழ நீளத்தில் வெளியே எறிதல் கூடாது. கூட்டுக்கென எடுத்துச் செல்லும் பறவையின் காலில் அது சுற்றிக்கொள்கிறது. சுற்றிய இழை இறுகி இரத்தவோட்டம் நின்று விரல் அழுகி விழுகிறது. பருத்தி இழையாயின் மழையிலும் வெயிலிலும் நைந்து அறும். பாலியஸ்டர், நைலான் இழை நையாது, ஜரிகையும் அப்படியே. விரல் இரண்டு நீளத்துக்குத் துண்டு செய்து மூட்டையில் கட்டிப் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூலுக்கு 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடை விதித்தது. நம் தறிக்கூடத்திலிருந்து பறக்கும் நூலுக்குத் தடை விதிப்போர் நாமேயாக இருக்கலாம்.

நீர் வைப்பதைப் பற்றியும் இரண்டு சொல். அகன்ற மண்சட்டி வேண்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டா. நடுவில் ஒரு கல் கிடந்தால் சிட்டும் அமர்ந்து குடிக்கும். பிளாஸ்டிக் தட்டு வழுக்கும். செடி அருகில் இருக்கலாம், ஆனால் பூனை பதுங்கிப் பாயும் அளவுக்கு ஒட்டியிருத்தல் ஆகாது. நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும்; ஒரு கிழமை அப்படியே விட்டுவிட்டால் அது கொசுப்பண்ணையாகி டெங்குவுக்கு வழி செய்யும். இப்பொறுப்பைச் சங்கத்தில் யாரிடம் விடுவது என்று கேட்டால், கொடியைக் குருவிக்கு விட்டுக்கொடுத்த அம்மூதாட்டியார் இருக்கிறார்.

அச்சங்கத்துப் பொதுக்குழு கூடும் நாளில், தேன்சிட்டின் குஞ்சுகள் எப்படியும் பறந்திருக்கும். வேம்பின் உச்சிக் கூட்டில் காக்கை ஊட்டிக்கொண்டிருப்பது தன் குஞ்சையா குயிலின் குஞ்சையா என்பது கீழிருந்து தெரியவில்லை. அதற்கு இன்னும் சில கிழமை வேண்டும். தீர்மானத்தை முன்மொழிவோர், மரத்தை விட்டுவிட்டு வண்டித்தடம் மட்டும் போதும் என்று ஒரு திருத்தம் கொணர்வாராயின், வழிமொழிய அங்கத்தினர் பலர் இருக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்களுள் மூவர் அன்று வேப்ப நிழலில் அமர்ந்தே நம்மிடம் பேசினர்.